மேட்டு லயத்துக்குப் பின்னால் ஒரு மூன்றாவது மடிப்பு

ஒரு மலைத்தொடருக்கு நானாகவே ஒரு மடிப்பைக் கொடுத்திருக்கிறேன். அது கேட்கவில்லை. கொடுத்தது போதாதென்று, தோட்டத்து பங்களா ஒன்றின் குளியலறைக் கண்ணாடி முன்னால் இடுப்பில் துண்டோடு நின்று, அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றிப் பழகியிருக்கிறேன். எந்த இடத்தில் கைதட்டுவார்கள் என்று கணக்குப் போட்டு, அங்கே சற்று நிறுத்தி, அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். கண்ணாடியில் இருந்தவரும் அடக்கமாகக் குனிந்துகொள்வார். ஊரிலேயே என்னோடு ஒத்துப்போன ஒரே ஆள் அவர்தான்.

பாறைகளைப் படிக்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். உங்கள் கருவிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனவே எண்பதுகளின் நடுவில் ஒரு சின்ன மலை என்னை எப்படி நடத்தியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே வந்தால், கடலோரத் தட்டைநிலம் முடிந்து, பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் நிலம் மெல்ல முதுகைத் தூக்கும். அங்கே ஒரு தோட்டம். தட்டையில் செம்பனை, மேட்டில் அப்போதும் பால்மரத்தை வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேட்டின் காலடியில் ஒரு வரிசை வீடுகள் இருந்தன. மேட்டு லயம் என்று பெயர். அதற்கும் மலைக்கும் நடுவே செம்பனைப் பழ லோரி போவதற்காக மலையின் அடியைச் செதுக்கிச் சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். அப்படிச் செதுக்கிய இடத்தில்தான் பாறை பளிச்சென்று தெரிந்தது. மழையும் காடும் எல்லாவற்றையும் மூடிவிடுகிற நம் நாட்டில், புதிதாக வெட்டிய பாறைமுகம் என்பது நமக்கு என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கல்யாணப் பந்தி மாதிரி இருந்தது.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, அந்தப் பகுதிப் பாறைகள் எத்தனை முறை, எந்த வரிசையில் மடிந்தன என்று கண்டுபிடிப்பது. கேட்டால் பெரிய வித்தை போலத் தெரியும். சலவைக்குப் போய்வந்த வேட்டியை எடுத்துப் பாருங்கள். முதலில் நீளவாக்கில் மடித்துத் தேய்த்திருப்பார்கள். பிறகு குறுக்கே மடித்திருப்பார்கள். குறுக்கு மடிப்பு வந்தபோது நீள மடிப்பின் கோடும் சேர்ந்து வளைந்திருக்கும். வளைந்து கிடப்பது பழையது, வளைத்தது புதியது. நம் தொழில் அவ்வளவுதான். மீதி சேறும் அட்டையும்.

அந்த மலையில் இரண்டு மடிப்புகள் இருப்பது எங்களுக்கு முன்பே தெரியும். சுமார் இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இரண்டு நிலப்பரப்புகள் ஒன்றையொன்று நெருக்கி இந்தத் தீபகற்பத்தின் முதுகெலும்பு எழுந்த காலத்துச் சமாச்சாரம் அவை. நான் கண்டது மூன்றாவது. செதுக்கிய முகத்தின் அடியில் செங்குத்தாக நின்ற பாறைத் தகடுகள், மேலே போகப் போக, ஒட்டுமொத்தமாகக் கிழக்கே தலைசாய்த்திருந்தன. முதல் மடிப்பும் சாய்ந்திருந்தது, இரண்டாவதும் சாய்ந்திருந்தது. ஆக, இரண்டையும் வளைத்தது மூன்றாவது, அதுவே கடைசி. முகம் முழுக்க நடந்து நடந்து அளந்தேன். ஓர் இடத்தில்கூட விதிவிலக்கில்லை. எல்லாம் கிழக்கே.

ஒரு முடிவுக்கு விதிவிலக்கே இல்லையென்றால் பயப்பட வேண்டும். எனக்கு அப்போது அது தெரியாது. சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. எனக்குத் தங்க இடம் கொடுத்தது, உதவி மேனேஜருக்கென்று கட்டி, ஆளில்லாமல் கிடந்த சின்னத் தொரை பங்களாவில். லயத்துக்கு எதிர்ப்புற மேட்டில், ஓடைக்கு அப்பால். சனிக்கிழமையானால் தோட்டத்து ஆட்கள் பஸ் ஏறி ரவாங்குக்குப் படம் பார்க்கப் போய்விடுவார்கள். கடைசி பஸ்ஸின் சத்தம் ஓய்ந்த பிறகு, ஓட்டுக்கூரையில் விழும் ரப்பர் விதைகளின் சத்தம் மட்டும் இருக்கும். வேலைக்கு வந்த புதிதில் அதைத் துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்துக் கட்டிலுக்கடியில் போயிருக்கிறேன். நாள் முழுதும் இருபது கோடி ஆண்டுகளோடு பேசிவிட்டு வருகிறவனுக்கு, சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து ‘சும்மா உளறாதே’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். எனக்கு இல்லை. மறுத்துப் பேச ஆளில்லாத வீட்டில் ஒரு கருத்து வாழைக்கன்று மாதிரி வளரும். கொஞ்ச நாளில் நீங்கள் அதன் நிழலில் உட்கார்ந்திருப்பீர்கள்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி சூசை ஒரு முறை என்னைத் தேடி வந்தார். சட்டைப்பையில் பேனா, கழுத்தில் சிலுவை, எதைச் சொல்வதற்கும் முன்னால் ஓர் இருமல்.

“சார், மேட்டு லயத்துக்கு மேல இருக்கிற சிமெண்டு கால்வா வெடிச்சிருக்கு. போன மழைக்கு ஒட்டினோம். இந்த மழைக்கு மறுபடி வாயத் திறந்துருச்சு. ஜனங்க கேக்கறாங்க. ஒரு பார்வ பாக்கறீங்களா?”

போனேன். பார்த்தேன். அந்த வெடிப்புக்குக் குறுக்கே நின்றுகொண்டே சொன்னேன்: “கிராணியாரே, இருபது கோடி வருஷமா நிக்கிற மலை இது. ஒரு கால்வாய் வெடிச்சதுக்காக எங்கயும் போயிடாது.”

சூசை மரியாதைக்குச் சிரித்தார். மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் அதைக் கிளப்பில் சொன்னாராம். ஒரு வாரத்தில் தோட்டம் முழுக்க அந்த வாசகம் பரவிவிட்டது. யாராவது வேலைக்குத் தாமதமாக வந்தால் வேலை வாங்கும் மண்டோர், “என்னாலா, நீயும் இருபது கோடி வருஷமா?” என்று கேட்கும் அளவுக்கு.

மூன்றாவது மடிப்பைப் பற்றி எழுதிய கட்டுரையைத் தலைநகரில் என் மேலதிகாரியிடம் காட்டினேன். அவர் அதிகம் பேசாதவர். முழுக்கப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. மலைக்கு இன்னொரு பக்கம் இருக்குமே. அது என்ன சொல்லுது?” என்றார்.

பொறாமை என்று முடிவு கட்டினேன். இத்தனை வயதுக்கும் அவருக்கு ஒரு மடிப்புக்கூட வாய்த்திருக்காது, பாவம் என்று பஸ்ஸில் வரும்போது பரிதாபப்பட்டேன். மலையின் மறுபக்கத்துக்கு நான் போகாததற்கு அறிவியல் காரணம் எதுவுமில்லை. அங்கே சாலை இல்லை, கைவிட்ட பழைய பால்மரக் காடும் முள்ளும் அட்டையும்தான். அவர் வாயை அடைப்பதற்காகவே போவதென்று தீர்மானித்தேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் போனேன். தோட்டத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். மழை தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. ஓடைப் பள்ளம் ஒன்றில் இறங்கினேன். அடியில், தண்ணீர் அறுத்த இடத்தில், தகடுகள் செங்குத்தாக, ராணுவம் மாதிரி நின்றன. அங்கிருந்து கரையோடு மேலே ஏறினேன். தகடுகள் தலைசாய்க்கத் தொடங்கின. அப்படித்தான் என் மூன்றாவது மடிப்பு சொல்லியிருந்தது. திசைகாட்டியை வைத்தேன்.

மேற்கு.

கருவி கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். உதறினேன். இன்னொரு பள்ளத்துக்குப் போனேன். அங்கேயும் மேற்கு. அடுத்ததிலும் மேற்கு. கிழக்குச் சரிவில் எல்லாம் கிழக்கே சாய்கிறது. மேற்குச் சரிவில் எல்லாம் மேற்கே சாய்கிறது. இரண்டு பக்கமும் கீழ்நோக்கி. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்னால், பூமிக்குள் மைல் கணக்கான ஆழத்தில் மடிந்த பாறைக்கு, இன்றைக்கு மலைச்சரிவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

தெரியாது. இந்தப் பாறையை வளைத்தது எந்தக் கண்டமும் இல்லை. மழையில் ஊறி, தன் எடை தாங்காமல், மலையின் மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சாய்ந்துகொண்டிருந்தது. ‘மூன்றாவதுதான் கடைசி’ என்று நான் எழுதியது சரி. அது எவ்வளவு கடைசி என்பதில்தான் தவறு. அது இன்னும் முடியவில்லை.

ஈரமான வேர் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். என் மடிப்பு போயிற்றே என்றுதான் முதலில் துக்கம் வந்தது. மறைக்க மாட்டேன். துக்கத்துக்கு நடுவில்தான் அந்த வெடிப்பு நினைவுக்கு வந்தது. சாலைக்காக அடியைச் செதுக்கியது நினைவுக்கு வந்தது. அதன் நேர் கீழே மேட்டு லயம். அங்கே அன்றைக்கு எல்லா வீட்டிலும் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள்கூட வந்திருப்பார்கள்.

அட்டையைக்கூடப் பிடுங்காமல் தோட்டத்து ஆபீசுக்கு ஓடினேன். சூசை கணக்கை முடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். தொலைபேசியை வாங்கி என் மேலதிகாரிக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியானம்; ஆளில்லாத அறையில் மேசை மேல் அந்த மணி அடிப்பதை என்னால் பார்க்க முடிந்தது. அவரிடம் கேட்டால் அவர் ஒரு முடிவு சொல்வார், அது தவறானால் அவர் தவறு என்று ஒரு கணக்கு எனக்குள் இருந்தது. அந்த மணி அடித்து ஓய்ந்தபோது அந்தக் கணக்கும் ஓய்ந்தது.

மேனேஜர் பினாங்கில் இருந்தார். அவர் கிடைத்தார்.

“மிஸ்டர், இருபது கோடி வருஷம்னு சொன்னது நீங்கதானே? இந்த வாரம் மட்டும் அதுக்கு என்ன அவசரம்?”

“நான் சொன்னது தப்பு சார்.”

“எப்ப விழும்?”

“தெரியாது.”

“இன்னிக்கா?”

“தெரியாது சார். பத்து வருஷம் ஆனாலும் ஆகலாம்.”

“தீவாளி அன்னிக்கு ஜனங்கள வீட்ட விட்டுக் கிளப்பினா யூனியன்காரன் என் தலையில ஏறுவான். நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது. கிராணிகிட்ட குடுங்க.”

சூசை கேட்டுக்கொண்டார். “சரிங்க சார்” என்றார். வைத்தார். இருமினார்.

“சார், நான் குடியிருக்கிறதும் தோட்டத்து வீடுதான். வேல போனா வீடும் போவும். தெரியும்ல?”

“தெரியும்.”

“நீங்க உறுதியா சொல்றீங்களா?”

“உறுதியா இல்ல, கிராணியாரே.”

ஆணியில் தொங்கிய தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். “தலைமையாசிரியர் ஊருக்குப் போயிட்டாரு. சாவிய நான் குடுக்கறேன், அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா ஜனங்கள நீங்கதான் கூப்பிடணும். ஒண்ணும் ஆவாதுன்னு சொன்ன வாய் உங்க வாய்.”

மேட்டு லயம் முழுக்க எண்ணெய் வாசனை. கடைசி வீட்டில் அஞ்சலையக்கா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். பால்மரம் வெட்டுகிறவர்; லயத்தில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள், கேட்காதவர்களுக்கு அவரே இன்னொரு முறை சொல்வார்.

“வாங்க கல்லு சார். எண்ணெச் சட்டிக்கு எத்தன வயசுன்னு பாக்க வந்தீங்களா?”

சொன்னேன். முதலில் தகடுகளைப் பற்றிச் சொன்னேன். வேட்டி மடிப்பைச் சொன்னேன். பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்து கேட்டார்கள். ஓர் இளைஞன், “இது இருபது கோடி வருஷ மலைதானே சார், இன்னும் ஒரு தீவாளி தாங்காதா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அது என் வாசகமாயிற்றே, நானும் சிரிக்க வேண்டியிருந்தது. கிழக்கு, மேற்கு என்று கையை ஆட்டினேன். முறுக்கு கருகத் தொடங்கியது.

அஞ்சலையக்கா சட்டியை இறக்கி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார்.

“தம்பி, நீங்க படிச்சவரு. எனக்கு அதெல்லாம் வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இன்னிக்கு ராத்திரி இந்த வீட்டுல நீங்க படுப்பீங்களா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் கட்டுரை இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால், ஓடைக்கு அப்பால் பத்திரமான மேட்டில் படுத்துக்கொண்டு, இவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னவன் நான்.

“மாட்டேன்கா. பயமா இருக்கு.”

“அத மொதல்லயே சொல்லியிருந்தா முறுக்கு தீஞ்சிருக்காதுல்ல” என்றார். பிறகு வெளியே திரும்பி, “ஏய், பாயெல்லாம் எடுங்கடி. கோழிய அப்புறம் பாத்துக்கலாம்” என்று கத்தினார்.

நீங்கள் அறிக்கை எழுதுவீர்கள். ‘வாய்ப்பு குறைவு’, ‘மேலும் ஆய்வு தேவை’ என்றெல்லாம் எழுத நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதுங்கள். எழுதி முடித்ததும் அங்கே போய் ஒரு ராத்திரி படுப்போமா என்று உங்களையே கேளுங்கள். அந்தப் பதிலை முதல் வரியாகப் போடுங்கள்.

தீபாவளி விடிந்தது. மழைகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மேசை மேல் ஏறி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் என்னைக் கண்டதும் கையைக் காதில் வைத்து மலை விழும் சத்தத்துக்குக் காத்திருப்பது போல நடித்தார்கள். நான் பங்களாவுக்குப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அன்றைக்கு யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்துப் புதுச்சட்டை போட்டிருந்தேன் என்பது தனிக்கதை.

எதிரே மலை, வெயிலில், இருபது கோடி ஆண்டுகளாக இருந்தது போலவே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் எனக்குள் ஓர் எண்ணம் வந்து உட்கார்ந்துவிட்டது. விழுந்து தொலையேன். கீழேதான் யாருமில்லையே, விழேன். லயத்தில் அவர்களுடைய பெட்டி, படுக்கை, சாமிப்படம், வளர்த்த செடி எல்லாம் இருந்தன. அவ்வளவும் மண்ணுக்கடியில் போனாலும் சரி, நான் சொன்னது நடந்தால் போதும் என்றிருந்தது. அன்றைக்கு இருந்ததைப் போலத் தனியாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. எச்சரிக்கை செய்வது உங்கள் வேலையானால் இந்த எண்ணம் ஒரு நாள் உங்களுக்கும் வரும். வந்தால், வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது பேசும்போது யாருக்கும் போன் பண்ணாதீர்கள்.

தீபாவளி கழிந்த பிறகு மேனேஜர் பினாங்கிலிருந்து திரும்பி வந்தார். என்னைக் கூப்பிட்டு, என் அலுவலகத்துக்குப் புகார் எழுதப் போவதாகச் சொன்னார். சூசையை நிற்க வைத்துப் பேசினார். நாளை காலை எல்லாரும் லயத்துக்குத் திரும்ப வேண்டும், பள்ளியைக் கழுவிச் சாவியைக் கொடுக்க வேண்டும் என்றார். நான் வாதாடினேன். தீபாவளிக்கு முன்பே வெடிப்பில் இரண்டு பக்கமும் முளை அடித்து வைத்திருந்தேன், இடைவெளி கூடியிருந்தது. அவரை அழைத்துப் போய்க் காட்டினேன். “ஒரு விரல்” என்றார். “ஒரு விரலுக்காக ஒரு லயத்தையே காலி பண்ணுவாங்களா?” விரலின் அளவு பிரச்சினை இல்லை, அது வளர்கிறது என்பதுதான் பிரச்சினை என்றேன். இன்னும் ஒரு வாரம் கேட்டேன். அவர் கொடுக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே விழுந்தது. பெரிய மழைகூட இல்லை, தூறல்தான். லோரி மணலைக் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவே. பங்களாப் படிக்கட்டிலிருந்து பார்த்தேன். பால்மரங்கள் நின்ற நிலையிலேயே, ஏதோ அலுவலாகக் கிளம்பினது போல இறங்கி வந்தன. சாலையைத் தாண்டி, மேட்டு லயத்தின் கடைசி வீடுகளின் சமையற்கட்டுகளுக்குள் புகுந்து, நின்றுவிட்டன. வீடுகளில் ஆளில்லை. சூசை ஆபீசிலிருந்து ஓடிவந்து, மண்ணுக்கு முன்னால் நின்று, ஒரு முறை சிலுவை போட்டுக்கொண்டார். அவர் வேலைக்கு அதன் பிறகு யாரும் கை வைக்கவில்லை.

மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது, மலையில் புதிய முகம் திறந்திருந்தது. கீழே செங்குத்துத் தகடுகள் அசையாமல் நின்றன. வளைந்தவை மட்டும் வழுக்கிக்கொண்டு வந்திருந்தன. பாடப்புத்தகத்தில் போடுகிற படம் மாதிரி அவ்வளவு தெளிவு. என் மூன்றாவது மடிப்பு அஞ்சலையக்காவின் அம்மிக்கல்லின் மேல் கிடந்தது.

கட்டுரையைத் திருத்தினேன். மடிப்புகள் இரண்டு. மேலதிகாரி படித்துவிட்டு, “இப்ப சின்னதா இருக்கு, படிக்க சௌகரியம்” என்று மட்டும் சொன்னார். அந்த மண்ணைப் பற்றி, தொலைபேசியைப் பற்றி, படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது. அவர் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார்.

வேலை முடிந்து தோட்டத்தை விட்டுப் போகும் நாளில் அஞ்சலையக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர்களைத் தட்டையில், செம்பனை ஓரமாக இருந்த லயத்துக்கு மாற்றியிருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார். எதிரே வந்து உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வருகிறார் என்று தெரிந்தது. என் பங்குக்கு, ‘அதெல்லாம் ஒன்றுமில்லை அக்கா, என் கடமை’ என்ற வாக்கியத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டேன்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி” என்றார். “நான் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அந்த மல அங்கதான் நின்னுச்சு. நீங்க வந்து வருஷம் பூரா சுத்தியால டக்கு டக்குன்னு தட்டினீங்க. நீங்க தட்டாம இருந்திருந்தா அது பாட்டுக்கு நின்னுருக்கும்லா.”